அன்றாட வேலைகளுக்கு நடுவே செம்பிக்கு விடைகொடுப்பது எப்படி?

கேள்வி: எங்கள் நாய் செம்பிக்கு 13 வயது ஆகிறது. சிறுநீரகச் செயலிழப்பு நான்காம் கட்டத்தை எட்டிவிட்டது, இனி வாரக்கணக்கில்தான் சொல்ல முடியும் என்று மருத்துவர் கூறிவிட்டார். ஒருநாள் விட்டு ஒருநாள் தோலுக்கடியில் திரவம் ஏற்றுகிறோம். மகனுக்குப் பத்து வயது. ஆண்டுத் தேர்வு முடிய மூன்று வாரங்கள் இருக்கின்றன. கணவர் வேலை காரணமாக வெளியூரில் இருக்கிறார், மாதக் கடைசியில்தான் திரும்புவார். அதுவரை செம்பியை வைத்துக்கொள்வது சரியா, அல்லது எங்கள் வசதிக்காக அவளை வதைக்கிறோமா? மாமியார், "தானாகப் போகட்டும், ஊசி போட்டுக் கொல்வது பாவம்" என்கிறார். அலுவலகத்தில் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. நேற்று தோழி சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பிறகு குற்ற உணர்ச்சி தாங்காமல் கழிப்பறையில் நின்று அழுதேன். முன்பே கவனித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்ற எண்ணமும் விடுவதில்லை. வீட்டில் இன்னோர் இளம் நாயும் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

கால்நடை மருத்துவரின் பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தேர்வு முடியும்வரை, கணவர் வரும்வரை என்று ஒரு தேதியை இப்போதே முடிவுகட்டிவிட வேண்டாம். அந்தத் தேதிவரை செம்பி ஓரளவு நிம்மதியாக இருந்தால் மிகவும் நல்லது. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் நான்காம் கட்டச் சிறுநீரக நோயில், முந்தைய நாள் வாலாட்டிக்கொண்டு வாசல்வரை வந்த நாய் இரண்டே நாட்களில் எழுந்திருக்க முடியாத நிலைக்குப் போய்விடக்கூடும். ஆகவே தேதிக்குப் பதிலாகச் சில அடையாளங்களை நீங்களும் உங்கள் கணவரும் இப்போதே, மனம் ஓரளவு தெளிவாக இருக்கும்போதே, பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொடுத்தும் நிற்காத வாந்தி, ஒரு முழு நாள் தண்ணீரைக்கூடத் தொடாமல் இருப்பது, எழ முடியாமல் படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு அதிலிருந்து நகரவும் முயலாமல் கிடப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தேர்வைப் பற்றியோ பயணத்தைப் பற்றியோ யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவரை அழைத்துவிட வேண்டும். வலிப்பு வந்தாலோ மூச்சுவிடத் திணறினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு வெளிப்படையான அடையாளங்கள் வருவதற்கு முன்பே நாய் கஷ்டப்படத் தொடங்கிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நாய்கள் வலியில் கத்தும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். நாட்பட்ட நோயில் பெரும்பாலும் அவை கத்துவதில்லை, ஒதுங்கிப் போகின்றன. செம்பியிடம் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் அவளுடைய உணவுக் கிண்ணம். பசி இல்லாத நாய் கிண்ணத்தின் பக்கமே வராது. குமட்டல் இருக்கும் நாய் பசியோடு வரும், முகர்ந்து பார்க்கும், உதட்டை நக்கிக்கொள்ளும், எச்சில் விழுங்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால் வரும் குமட்டல் இது. இதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. எனவே 'சாப்பிட மாட்டேன் என்கிறாள்' என்று மட்டும் சொல்லாமல், கிண்ணத்தருகே அவள் என்ன செய்கிறாள் என்பதை அப்படியே மருத்துவரிடம் விவரியுங்கள், முடிந்தால் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள். உதட்டைத் தூக்கி ஈறுகளையும் நாக்கின் ஓரங்களையும் பாருங்கள். அங்கே புண்கள் இருந்தால் சாப்பிடுவதே அவளுக்கு வேதனையாக இருக்கும். வாயைத் திறந்து ஊட்டிவிடுவது அன்பின் செயலாகத் தோன்றினாலும், குமட்டலோடு இருக்கும் நாய்க்கு அது துன்பம்தான். பத்திய உணவை இந்தக் கட்டத்தில் எவ்வளவு தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் வீட்டில் இருக்கிறதே என்று மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை எஞ்சியிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மாற்றம் தெரிவதில்லை என்பதால், எழுதிவைக்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் வகுத்த வாழ்க்கைத் தர அளவுகோலை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வலி, பசி, நீர்ச்சத்து, உடல் தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் தலா 10 மதிப்பெண்கள். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் இருந்தால், தொடர்ந்து பராமரிப்பது நியாயமானது என்று கொள்ளலாம். என் கருத்தில் அந்த மொத்தக் கூட்டலைவிட, அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம். தினமும் இரவு ஒரே நேரத்தில் நீங்கள் ஒரு தாளிலும் மாமியார் வேறொரு தாளிலும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள். நீங்கள் நம்பிக்கையோடு கூட்டிப் போடக்கூடும், அவர் இரக்கத்தால் குறைத்துப் போடக்கூடும்; ஒரு வாரம் கழித்து இரண்டையும் அருகருகே வைத்தால் உண்மை நிலை விளங்கிவிடும். திரவம் ஏற்றிய மறுநாள் அவள் தெளிவாகத் தெரிவாள் என்பதால், ஏற்றிய நாட்களைக் குறித்து வையுங்கள். அந்தத் தெளிவு முன்பு இரண்டு நாட்கள் நீடித்தது, இப்போது சில மணி நேரமே நீடிக்கிறது என்றால், சிகிச்சை தன் எல்லையை எட்டிவிட்டது என்று பொருள்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் உயிரை நாமே முடிப்பது என்பது யாருக்கும் உறுத்த வேண்டிய விஷயம்தான். அந்த உறுத்தல் இல்லாதவர்கள் இந்த முடிவை எடுக்கக் கூடாது என்றே சொல்வேன். ஆயினும் 'தானாகப் போகட்டும்' என்று சொல்லும்போது பெரும்பாலானவர்கள் மனத்தில் இருப்பது, ஓர் இரவு உறங்கிய நாய் காலையில் எழாமல் போய்விடும் அமைதியான சாவு. சிறுநீரகச் செயலிழப்பில் அப்படி நடப்பது அரிது. ஓயாத குமட்டல், வாய்ப்புண், தசை துடித்தல், குழப்பம், சில வேளைகளில் வலிப்பு என்று அது நாட்கணக்கில் இழுக்கும். இதை அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அவர் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டில் ஒன்றைப் பற்றிய தகவல் அவரிடம் இல்லை, அதைத் தருவது என் கடமை. முடிந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அதன் பிறகும் குடும்பத்தில் அனைவரும் ஊசி வேண்டாம் என்றே முடிவெடுத்தால், அதற்கும் வழி இருக்கிறது: குமட்டலையும் வலியையும் இறுதிவரை மருந்தால் கட்டுப்படுத்தும் தணிப்புச் சிகிச்சை. அதற்கு மருத்துவர் தினமும் தொடர்பில் இருக்க வேண்டும், இரவிலும் யாராவது விழித்திருக்க வேண்டும். மருத்துவமும் இல்லாமல் ஊசியும் இல்லாமல் ஒரு மூலையில் விட்டுவிடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

முன்பே கவனித்திருந்தால் என்ற எண்ணத்துக்குச் சுருக்கமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் வாதிட அதிகம் இல்லை. சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இழக்கப்பட்ட பிறகுதான் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு இரத்தத்தில் இயல்பைத் தாண்டுகிறது. அதற்கு முன்னால் வெளியே தெரிவதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும், கொஞ்சம் கூடுதலாகச் சிறுநீர் கழிப்பதும்தான். வயதான நாயிடம் அதைக் கண்டு, வெயில் அதிகம் என்றோ வயதாகிவிட்டது என்றோ நினைப்பது இயல்பு. முன்கூட்டியே கண்டுபிடித்தால் உணவாலும் மருந்தாலும் நோயின் வேகத்தைக் குறைக்கலாம்; இழந்த சிறுநீரகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நீங்கள் அவளைக் கைவிட்டதால் வந்த நோய் அல்ல இது.

ஊசி போடுவதென்று முடிவானால், அங்கே என்ன நடக்கும் என்பதை முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லது. தெரியாமல் உள்ளே போனவர்கள் ஏதோ ஒரு காட்சியைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி போடுவார்கள். அடுத்த பத்துப் பதினைந்து நிமிடங்களில் தலை மெல்லத் தாழ்ந்து, அவள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போவாள். உங்களிடம் அவள் விழிப்போடு இருக்கும் கடைசி நேரம் இதுதான். சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு முன்னங்காலில் சிறிது முடியை மழித்து, சிரையில் ஊசிக்குழாய் பொருத்துவார்கள். நீர்ச்சத்து குறைந்த நாய்க்குச் சிரை எளிதில் அகப்படாது. இரண்டாவது காலில் முயல நேர்ந்தால் கலங்க வேண்டாம், அவளுக்கு அது உறைக்காது. அதன் வழியே செலுத்தப்படும் பென்டோபார்பிட்டல் என்ற மருந்தை மிகை அளவில் கொடுக்கும்போது, சில நொடிகளில் மூளையின் செயல் அடங்கி உணர்வு முற்றிலும் போய்விடும். மூச்சு நின்று, சில நிமிடங்களுக்குள் இதயமும் நிற்கும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு உறுதி செய்வார்.

கண்கள் தாமாக மூடிக்கொள்வதில்லை, திறந்தே இருக்கும். சிறுநீரோ மலமோ வெளியேறலாம். இதயம் நின்ற பிறகும் ஓரிரு முறை நெஞ்சு பெரிதாக விம்மி மூச்சிழுப்பது போலத் தோன்றலாம், தோலுக்கடியில் தசைகள் துடிக்கலாம். இவை நரம்புகளின் அனிச்சைச் செயல்கள். அவள் மீண்டும் விழித்துக்கொண்டாள் என்றோ போராடுகிறாள் என்றோ நினைத்து அஞ்ச வேண்டாம். கடைசிவரை உடன் இருக்க முடியுமா என்பது உங்கள் மனநிலையைப் பொறுத்தது. மயக்க ஊசி வேலை செய்யும்வரையாவது, அவளுக்குப் பழகிய ஒருவரின் கை அவள்மீது இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள். அதன்பின் அறையைவிட்டு வெளியே வந்துவிடுவதில் எந்தத் தவறும் இல்லை.

மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தேர்வு நேரத்தில் வேண்டாமே என்று பெற்றோர் தயங்குவது புரிகிறது. ஆனால் வீட்டில் திரவம் ஏற்றுவதையும் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்க்கும் பத்து வயதுக் குழந்தைக்கு ஏதோ நடக்கிறது என்பது முன்பே தெரியும். தெரியாதது அதன் பெயர் மட்டுமே. இறந்தவர் திரும்பி வரமாட்டார் என்பதை இந்த வயதுக்குள் குழந்தைகள் புரிந்துகொண்டிருப்பார்கள். "செம்பியின் சிறுநீரகம் வேலை செய்யவில்லை, அதைச் சரிசெய்ய முடியாது, அவள் இறந்துவிடுவாள், கஷ்டம் அதிகமானால் வலிக்காமல் இறக்க மருத்துவர் உதவுவார்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். 'தூங்கப் போகிறாள்' என்றும் 'வேறு வீட்டுக்குப் போய்விட்டாள்' என்றும் சொன்னால், முதலாவது அவனுக்கு உறக்கத்தின்மீது பயத்தை உண்டாக்கலாம், இரண்டாவது உங்கள்மீது அவன் வைத்திருக்கும் நம்பிக்கையை ஒருநாள் உடைக்கும். முடிவெடுக்கும் பாரத்தை மட்டும் அவன்மீது வைக்காதீர்கள். 'உனக்குச் சம்மதமா' என்று கேட்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள்: மாலையில் அவளுக்குத் தண்ணீர் மாற்றி வைப்பது, காதின் பின்புறம் சீவிவிடுவது. தேர்வு நாளின் காலையிலோ முதல் நாள் இரவிலோ ஊசிக்கு நேரம் குறிக்காமல் இருக்க முயலுங்கள். மேலே சொன்ன அவசர அடையாளங்கள் தோன்றினால் அதுவும் பார்க்கக் கூடாது.

இனி அலுவலகத்தில் சிரித்ததைப் பற்றி. துயரத்தில் இருப்பவர்கள் எப்படி நாட்களைக் கடக்கிறார்கள் என்பதை ஆராய்ந்த நெதர்லாந்து உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹென்க் ஷூட்டும் 1999-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். மனம் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறது, இன்னொரு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் திரும்புகிறது. இந்த ஊசலாட்டமே தாக்குப்பிடிக்க உதவுகிறது என்பது அதன் சாரம். மதியம் சிரித்ததும் பிறகு அழுததும் ஒரே மனம், ஒரே அன்பு செய்த இரண்டு வேலைகள். நீங்கள் சிரித்த அந்த நிமிடத்தில் செம்பிக்குச் சேர வேண்டிய எதுவும் குறைந்துவிடவில்லை.

யாரிடமும் சொல்ல முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உறவினர் இறந்தால் விடுப்பு உண்டு, விசாரிக்க வருவார்கள், வேலையில் பிழை நேர்ந்தால் பொறுத்துக்கொள்வார்கள். நாய்க்கு இவை எதுவும் கிடையாது. வெளிப்படையாகத் துக்கப்பட இடமில்லாத இத்தகைய துயரத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-இலேயே தனியாகப் பெயரிட்டுப் பேசியிருக்கிறார். நீங்கள் மிகையாக நடந்துகொள்ளவில்லை. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் பிராணி வளர்க்கும் ஒருவரிடமோ, நம்பிக்கையான தோழியிடமோ மட்டும், "என் நாய் சாகக் கிடக்கிறது, சில வாரங்களுக்கு நான் கொஞ்சம் தடுமாறுவேன், திடீரென்று கிளம்ப வேண்டியிருக்கலாம்" என்று சொல்லி வையுங்கள். உங்கள் விடுப்பில் இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று அந்த நாளுக்கு, இன்னொன்று அதற்கு மறுநாளுக்கு. மாலையில் ஊசி, மறுநாள் காலையில் கூட்டம் என்று அமைத்துக்கொண்டவர்களில் பலர், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததுதான் மிகவும் கொடுமையாக இருந்தது என்கிறார்கள்.

வேலைக்குப் போவதால் அவளுடைய கடைசி நாட்களைத் தவறவிடுகிறோமே என்றும் உங்களுக்குத் தோன்றலாம். செம்பிக்குத் தன் நோயின் கட்டம் தெரியாது, எத்தனை வாரங்கள் என்றும் தெரியாது. காலையில் கதவு திறக்கும் ஓசை, நடைக்குப் போகும் நேரம், மாலையில் நீங்கள் செருப்பைக் கழற்றும் இடம், இரவில் விளக்கணைவது: 13 ஆண்டுகளாக அவள் அறிந்த உலகம் இந்த ஒழுங்குதான். கடைசி நாட்களைச் சிறப்பாக்க வேண்டும் என்று நீண்ட பயணம் அழைத்துச் செல்வதும், நண்பர்களையெல்லாம் வரவழைத்துக் கொஞ்ச வைப்பதும் களைத்துப்போன நாய்க்குச் சுமையாகலாம். அந்த ஒழுங்கைக் கலைக்காமல் அவளுக்கேற்பச் சுருக்கிக்கொடுங்கள். தெருமுனைவரை நடந்தவள் இப்போது வாசல்வரைதான் நடப்பாள் என்றால், அதே நேரத்துக்கு வாசல்வரை கூட்டிப் போய் அங்கே உட்காருங்கள், அவசரப்படுத்தாமல் முகரவிடுங்கள். பார்வையும் செவியும் மங்கிய நாய்க்கும் மோப்பம் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். வழவழப்பான தரையில் பின்னங்கால்கள் வழுக்கும் என்பதால், அவள் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்வரை மிதியடிகளை வரிசையாக விரித்து வையுங்கள். அலுவலகம் கிளம்புமுன் இதைச் செய்துவிட்டுப் போனீர்கள் என்றால், நீங்கள் இல்லாத எட்டு மணி நேரமும் அவளைக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கணவர் அணிந்து துவைக்காத சட்டை ஏதாவது இருந்தால் அதை அவள் படுக்கையில் போட்டு வைக்கலாம். அவரால் ஓர் இரவுக்காவது வந்துபோக முடியுமானால், மாதக் கடைசிவரை காத்திருக்காமல் இந்த வாரமே வரச் சொல்லுங்கள். அவள் அவரை அடையாளம் கண்டு எழுந்து வரும் நிலையில் இருக்கும்போது வருவதே இருவருக்கும் நல்லது.

உங்கள் இளைய நாயும் மாற்றத்தை உணரக்கூடும். இத்தாலியில் 426 நாய் வளர்ப்பவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், உடன் வாழ்ந்த நாய் இறந்த பிறகு மற்ற நாயின் நடத்தை மாறியதாகப் பெரும்பாலானோர் கூறியிருக்கிறார்கள்: விளையாட்டும் உணவும் குறைந்தன, உறக்கம் கூடியது, வளர்ப்பவரை ஒட்டிக்கொண்டே திரிந்தன. அவனுடைய உணவு நேரத்தையும் நடை நேரத்தையும் மாற்றாமல் வைத்திருங்கள். இரண்டு நாட்களுக்கு மேல் சாப்பிடாவிட்டால் துக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செம்பியைப் புதைப்பதாக இருந்தால், பென்டோபார்பிட்டல் உடலிலேயே தங்கியிருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வேறு பிராணி தோண்டித் தின்றால் அதற்கும் உயிராபத்து; ஆகவே ஆழமாகப் புதைக்க வேண்டும், அல்லது எரியூட்ட வேண்டும்.

அவள் போன பிறகு வரும் முதல் வாரத்தில், மருந்து கொடுக்கும் நேரமும் திரவம் ஏற்றும் நேரமும் வரும்போது கைக்கு வேலை இல்லாமல் நிற்பீர்கள். நீண்ட பராமரிப்புக்குப் பின் ஒருவித விடுதலை உணர்வும் சேர்ந்தே வரும். பலரும் வெளியே சொல்ல வெட்கப்படுவது இதைத்தான். தூக்கம் கெட்ட இரவுகளும் ஓயாத கவலையும் முடிந்ததற்கு உடல் காட்டும் எதிர்வினை அது, அவளை வேண்டாதவளாக நினைத்ததற்கு அடையாளம் அல்ல. அவளுடைய கிண்ணத்தையும் கழுத்துப்பட்டையையும் உடனே அப்புறப்படுத்தவும் வேண்டாம், அப்படியே வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; மீந்த மருந்துகளை மட்டும் இளைய நாய்க்கும் மகனுக்கும் எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு மருத்துவமனையில் ஒப்படைத்துவிடுங்கள்.

இந்த வாரத்திலேயே ஒருநாள், செம்பியை அழைத்துச் செல்லாமல் நீங்கள் மட்டும் போய், உங்கள் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது, ஊசி போட அவர் வீட்டுக்கு வருவாரா, மயக்க ஊசியை முதலில் தனியாகப் போடுவாரா, மகன் உடனிருக்க அனுமதிப்பாரா, உடலை என்ன செய்வது, அதற்கான உள்ளூர் விதிகள் என்ன, கட்டணத்தை அன்றைக்கே செலுத்த வேண்டுமா அல்லது முன்னதாகச் செலுத்திவிடலாமா என்பவை அவை. பதில்களை எழுதி ஒரு பிரதியைக் கணவருக்கு அனுப்புங்கள், இன்னொன்றை மாமியாரிடம் கொடுத்து வையுங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் முதலில் தொலைபேசியை எடுக்க வேண்டியவர் அவராக இருக்கக்கூடும்.